ஆளைச் சொன்னாரா, வேலையைச் சொன்னாரா?

விருதுநகரில் பருப்பும் வத்தலும் மல்லியும் வாங்கி விற்கிற கமிஷன் கடை ஒன்றில் 31 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல், லாரி ஏற்றி முடித்து லோடுமேன்கள் கிளம்பியதும், கடை வாசல் பெஞ்சில் ஒரு சபை கூடும். தரகர் அண்ணாச்சி, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் தங்கச்சி வீட்டுக்காரரான மாப்பிள்ளை, டீயைக் கொடுத்துவிட்டுப் போகாமல் தூண் ஓரம் நிற்கிற தம்பி. பேச்சு உளுந்து வரத்தில் ஆரம்பித்தாலும் சரி, மழையில் ஆரம்பித்தாலும் சரி, அரை மணி நேரத்தில் ஏதாவது ஒரு தலைவரிடம் போய் நிற்கும். ஒருவர் குறை சொல்வார். இன்னொருவர் உடனே, "இது தனிப்பட்ட தாக்குதல், கொள்கை விமர்சனம் இல்லை" என்பார். அவ்வளவுதான். சொன்ன குறை என்னவென்றே எல்லோருக்கும் மறந்துபோகும். சொன்னவர் யோக்கியரா என்ற விசாரணை தொடங்கிவிடும்.

ஒரு வருஷம் இப்படி முற்றி, மாப்பிள்ளை பொங்கலுக்கு வீட்டுக்கே வரவில்லை. தங்கச்சி மட்டும் தனியாக வந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் போனாள். அதற்கப்புறம்தான் இந்த விவாதத்தை நடத்துவதற்கு நாங்களாகச் சில வழிகள் வைத்துக்கொண்டோம். எல்லாம் அடிபட்டுக் கற்றது. உங்கள் டீக்கடையிலோ, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ, கல்லூரி மேடையிலோ இதே சண்டை வருமானால் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் தாள்

சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் கடைக்கு வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து தினக்காலண்டர் வந்துவிடும். கிழித்த தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். யாராவது ஒரு தலைவரைப் பற்றிக் குறை சொன்னால், பதில் சொல்வதற்கு முன்னால், சொன்ன வாக்கியத்தைச் சொன்னபடியே அதில் எழுத வேண்டும். "கேவலமாகப் பேசினார்" என்றோ "திட்டினார்" என்றோ எழுதக்கூடாது. அவை தீர்ப்புகள். வாக்கியம்தான் சரக்கு. சரக்கைப் பார்க்காமல் விலை சொல்கிறவனை மண்டியில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

இதில் ஒரு சின்ன லாபமும் உண்டு. "எழுதட்டுமா?" என்று கேட்டாலே பாதிப் பேர் வாக்கியத்தை மாற்றிக்கொள்வார்கள்.

என் பேரேட்டுக்குள் 2016 நவம்பர் தாள் ஒன்று இன்னும் இருக்கிறது. நவம்பர் 8 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் மோடி தொலைக்காட்சியில் வந்து 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த இரண்டாவது வாரம். கடையில் வத்தல் மூட்டை அடுக்கடுக்காக நிற்கிறது, ஏற்றுக்கூலி கொடுக்கச் சில்லறை இல்லை. அன்றைக்கு எழுதிய மூன்று வாக்கியங்கள்:

தரகர் அண்ணாச்சி: "டீ வித்தவருக்குப் பொருளாதாரத்தைப் பத்தி என்ன தெரியும்?"

நான்: "செல்லாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி மாத்து நோட்டு அடிச்சு வெச்சிருக்க வேண்டாமா? லோடுமேனுக்கு எதைக் கொடுக்க?"

வாத்தியார்: "யாரையும் கலந்துக்காம முடிவெடுக்கிற ஆளு இவரு."

மாப்பிள்ளைக்கு அவரைப் பிடிக்கும். "மூணுமே ஒண்ணுதான், அவர் மேல இருக்கிற வெறுப்பு" என்றார். மூன்றும் ஒன்றா? அதைத்தான் கீழே பிரிக்கப் போகிறோம்.

பெயரை மாற்றிப் படித்துப் பாருங்கள்

வாக்கியத்தில் அந்தத் தலைவரின் பெயரை எடுத்துவிட்டு, அதே நாற்காலியில் உட்காரக்கூடிய வேறொருவர் பெயரைப் போட்டுப் படியுங்கள். முடிந்தால் உங்களுக்குப் பிடித்தவர் பெயரை. குறை அப்படியே நின்றால் அது வேலையைப் பற்றியது. உதிர்ந்துவிட்டால் ஆளைப் பற்றியது.

என் வாக்கியத்தில் மன்மோகன் சிங் பெயரைப் போட்டாலும் லோடுமேனுக்குக் கூலி இல்லைதான். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அந்த இரண்டு நோட்டுகள்தான்; யார் நிறுத்தினாலும் சந்தை முடங்கியிருக்கும். தரகர் வாக்கியத்தில் வேறு பெயரைப் போட்டுப் பாருங்கள். டீ விற்காத ஒருவர் பெயர் வந்ததும் வாக்கியத்துக்கு வேலையே இல்லாமல் போகிறது.

அன்றைக்கு இதை யாரும் இவ்வளவு அழகாகப் பிரித்துச் சொல்லவில்லை. டீத் தம்பிதான் மறுநாள் கிளாஸைத் தரகர் கையில் கொடுத்துவிட்டு, "அப்ப எனக்கும் ஒண்ணும் தெரியாதா அண்ணாச்சி?" என்று கேட்டான். தரகர் டீயைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாக்கியத்தை அப்புறம் அவர் சொன்னதில்லை.

மேடையில் இதே கதைதான், அளவு மட்டும் பெரிசு. 2017 டிசம்பரில் மணி சங்கர் ஐயர் மோடியை இழிவான ஒரு சொல்லால் குறிப்பிட்டார். குஜராத் தேர்தல் நேரம். காங்கிரஸ் கட்சியே அவரை இடைநீக்கம் செய்தது. அந்த மாதம் ஜிஎஸ்டி பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி எத்தனையோ இருந்தது. பேசப்பட்டதோ அந்த ஒரு சொல். ஆளைத் திட்டினால் ஆளுக்குத்தான் லாபம் என்று வாத்தியார் சொல்வார்.

வேலையைப் பற்றிய குறைக்கு இன்னொரு அடையாளம், நாள் ஆக ஆக அதைச் சரிபார்க்க முடியும். கறுப்புப் பணம் திரும்பி வராது என்று சொன்னார்கள். நிறுத்திய நோட்டுகளில் 99.3 சதவீதம் திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கி 2018இல் கணக்குச் சொன்னது. மாப்பிள்ளை அதற்கும் பதில் வைத்திருக்கிறார்: வங்கிக்குள் வந்த பணத்துக்கு வரி கேட்க முடியும் இல்லையா என்பார். ஆமாம், அது பதில். அதன்மேல் இன்னும் பேசலாம். "டீ வித்தவர்" என்பதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

யார் பேரில் எழுதுகிறீர்கள்?

இது என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது, ஆகவே கொஞ்சம் நீட்டுவேன்.

1967 தேர்தலில் தி.மு.க. மேடைகளில் ஒரு முழக்கம் ஓடியது. "காமராஜர் அண்ணாச்சி, கடலைப் பருப்பு விலை என்னாச்சு? பக்தவச்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?" ஊருக்கு ஊர் வார்த்தை கொஞ்சம் மாறும். பருப்புக் கடைக்காரர்களாகிய எங்களுக்கு இது வீட்டுப் பாட்டு மாதிரி. இதைத் தனிப்பட்ட தாக்குதல் என்பீர்களா? பெயர் இருக்கிறது, கேலி இருக்கிறது, "அண்ணாச்சி" என்ற விளியில் ஒரு குத்தல்கூட இருக்கிறது. ஆனாலும் கேட்பது விலையை. பெயர் மாற்றிப் பார்த்தாலும் நிற்கும். ஆக, வேலைப் பக்கம்.

ஆனால் வாத்தியார் ஒருநாள் ஒரு முடிச்சை அவிழ்த்தார். காமராஜர் 1963லேயே முதலமைச்சர் பதவியை விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குப் போய்விட்டார். 1967இல் அவர் காங்கிரஸ் தலைவர், முதலமைச்சர் பக்தவச்சலம். அரிசி விலையை பக்தவச்சலத்திடம் கேட்பது சரி. கடலைப் பருப்பு விலைக்குக் காமராஜர் எந்த நாற்காலியில் இருந்து பதில் சொல்வார்? கட்சித் தலைவராகப் பொறுப்பு உண்டு என்று ஒரு பக்கம், கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லையே என்று ஒரு பக்கம். அன்று பெஞ்சு இரண்டாகப் பிரிந்தது. அந்தத் தேர்தலில் காமராஜர் தோற்றது எங்கள் ஊரிலேயேதான், சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம், 1,285 வாக்கில். பருப்பு விலைக்கு விழுந்த அடியா, இந்திக்கு விழுந்ததா, ஆளுக்கே விழுந்ததா என்று விருதுநகரில் கேட்காதீர்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர மாட்டீர்கள்.

பேரேட்டில் ஒருவர் பற்றை இன்னொருவர் பேரில் எழுதினால், தொகை சரியாகவே இருந்தாலும் கணக்குத் தப்பு. கொள்கை விமர்சனம் மாதிரித் தோன்றும் பல வாக்கியங்கள் இப்படித்தான் பேர் மாறி எழுதப்பட்டவை. பெட்ரோல் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஜிஎஸ்டிக்குள் இல்லை. ஒன்றிய அரசின் கலால் வரியும் உண்டு, மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரியும் உண்டு. ஒருவர் டெல்லியை மட்டும் திட்டுகிறார், இன்னொருவர் சென்னையை மட்டும் திட்டுகிறார் என்றால், அவர்கள் பேசுவது வரியைப் பற்றி இல்லை. யாரைப் பிடிக்காது என்பதைப் பற்றி. அந்த இடத்தில் "எந்த வரி, எவ்வளவு?" என்று ஒரு கேள்வி போதும்.

ஒருமையும் பட்டப் பெயரும்

தமிழில் இந்தச் சண்டைக்கு ஒரு கூடுதல் சிக்கல். வினைச்சொல்லின் வாலிலேயே மரியாதை இருக்கிறது. சட்டமன்றத்தில்கூட "ஒருமையில் பேசினார்" என்று அமளி நடக்கும். ஒருவர் "கலைஞர்" என்கிறாரா "கருணாநிதி" என்கிறாரா, "அம்மா" என்கிறாரா "ஜெயலலிதா" என்கிறாரா என்பதை வைத்தே கட்சியைக் கண்டுபிடித்துவிடுவோம். அதனால் மரியாதைக் குறைவையும் தனிப்பட்ட விமர்சனத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். "இந்தாளு ரேஷன்ல பருப்பை நிறுத்திட்டான்யா." "மாண்புமிகு முதலமைச்சர் அவர்களின் பிறப்பைப் பற்றிப் பேச நான் விரும்பவில்லை." முதலாவதில் மரியாதை இல்லை, ஆனால் முழுக்க முழுக்க ரேஷன் பருப்பு. இரண்டாவதில் மரியாதை வழிகிறது. முழுக்க முழுக்க ஆள்.

எங்கள் பெஞ்சில் இதற்கு வைத்த வழி: பெயர் சொல்லி "அவர்" போட்டுப் பேச வேண்டும், எந்தக் கட்சித் தலைவருக்கும். போடாவிட்டால் "அவர் போடுங்க" என்று மட்டும் சொல்வோம். வாக்கியத்தைத் தள்ளிவிட மாட்டோம்.

நினைப்பைப் படிக்கிற வாக்கியம்

எழுதிய வாக்கியங்களைத் தாளில் ஆள், வேலை என்று இரண்டு பத்தியாகப் பிரித்துத்தான் ஆரம்பித்தோம். சீக்கிரமே மூன்றாவது ஒன்று தேவைப்பட்டது. உள்நோக்கம்.

இதற்கு எங்களிடம் இருக்கிற நல்ல உதாரணம் 1953. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டும் வகுப்பு, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டில் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். இருக்கிற கட்டடத்தையும் ஆசிரியர்களையும் வைத்து இரண்டு வேளையாக நிறையப் பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்பது அவர் தரப்பு. பெரியாரும் தி.மு.க.வும் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்துப் போராடினார்கள். 1954இல் ராஜாஜி விலகி, காமராஜர் வந்தார். திட்டம் அந்த வருஷமே போனது.

எங்கள் வாத்தியார் அந்த வருஷம் ஒண்ணாம் வகுப்பு. அப்பா சலவைத் தொழிலாளி. "மத்தியானமே அனுப்பிருவாங்க. வெள்ளாவிப் பானைக்குப் பக்கத்துல போய் உக்காருவேன். அப்பா அடுப்புக்குச் சுள்ளி ஒடிக்கச் சொல்வாரு. சுள்ளி ஒடிக்க மூணு மணி நேரப் படிப்பு எதுக்கு, அதை அவரே சொல்லிக் குடுத்துருப்பாரே" என்பார். அப்புறம் அவர் 30 வருஷத்துக்கும் மேல் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இந்தத் திட்டத்தின் மேல் மூன்று மாதிரி வாக்கியங்களை அவர்தான் எழுதிக்கொடுத்தார்.

ஒன்று: "வெளுக்கிறவர் மகனை வெளுக்கப் பழக்குவதற்குப் பள்ளிக்கூட நேரத்தைப் பறிக்கிறது இந்தத் திட்டம்." இது வேலை. யார் கொண்டுவந்திருந்தாலும் நிற்கும்.

இரண்டு: "அவர் பிறந்த சாதி அப்படி, அதனால் இப்படித்தான் யோசிப்பார்." இது ஆள். அதுவும் அவர் தேர்ந்தெடுக்காத ஒன்றைப் பிடித்துக்கொண்டு.

மூன்று: "ஏழைப் பிள்ளைகள் மேலே வரக்கூடாது என்று நினைத்தே கொண்டுவந்தார்." இதுதான் வழுக்குகிற இடம். பேசுவது திட்டத்தைப் பற்றி. குற்றம் சாட்டுவது மனசை. சட்டமன்ற பாஷையில் உள்நோக்கம் கற்பிப்பது.

மூன்றாவது வகையை நாங்கள் உடனே தள்ளுவதில்லை. "சான்று?" என்று கேட்போம். அவரே பேசிய பேச்சு, எழுதிய கடிதம், திட்டத்தால் லாபம் அடைந்தது யார் என்ற கணக்கு, இப்படி ஏதாவது வந்தால் வேலைப் பத்திக்கு மாற்றுவோம். வராவிட்டால் தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் நிற்கும். பல நாள் ஓரத்தில்தான் எழுத்து அதிகமாக இருக்கும்.

வெள்ளாவிப் பானையை மறக்காத வாத்தியார்தான் இரண்டாவது வாக்கியத்தை எந்தத் தலைவருக்கும் எழுத விடாதவர். ராஜாஜியை அரசியலில் பல வருஷம் எதிர்த்த பெரியார், 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது சக்கர நாற்காலியில் வந்து அழுதார் என்பதையும் அவர்தான் ஞாபகப்படுத்துவார்.

குணத்தைப் பற்றிப் பேசவே கூடாதா?

பேசலாம். இங்கேதான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். "கொள்கையை மட்டும் பேசுங்கள், தலைவரின் குணத்தைத் தொடாதீர்கள்" என்பது கேட்க நன்றாக இருக்கும். ஒரு நாட்டையோ ஊரையோ ஒப்படைக்கிற ஆளின் குணத்தைப் பார்க்காமல் எப்படி ஒப்படைப்பது? கல்லாப்பெட்டிச் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் முதலாளி என் குணத்தைத்தான் பார்த்தார், கையெழுத்தைப் பார்க்கவில்லை.

எவ்வளவு தூரம் என்பதற்கு எங்கள் கடைக்கு வருகிற வக்கீல் ஒருவர் ஒரு அளவுகோல் எடுத்துக்கொடுத்தார். 1860இல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டம், 499ஆம் பிரிவு, அவதூறு. அதில் இரண்டாவது விதிவிலக்கு. பொது ஊழியர் ஒருவர் தன் பொதுக் கடமையில் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொன்னால் அது அவதூறு ஆகாது. அந்த நடத்தையில் தெரிகிற அளவுக்கு அவருடைய குணத்தைப் பற்றிச் சொன்னாலும் ஆகாது. அந்த அளவுக்குத்தான், அதற்கு மேல் இல்லை. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்த பிறகு 356ஆம் பிரிவில் இதே விதிவிலக்கு இருக்கிறது. 1994இல் நக்கீரன் ஆசிரியர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே பக்கம்தான் நின்றது: அதிகாரிகள் தங்கள் அலுவல் பற்றிய விமர்சனத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது, பொய் என்று தெரிந்தோ உண்மையைப் பற்றிக் கவலையே படாமலோ எழுதியிருந்தால் தவிர. நான் வக்கீல் இல்லை; நாளை உங்கள் மேல் வழக்கு வந்தால் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். ஆனால் "வேலையில் தெரிகிற அளவுக்குக் குணம்" என்பது பெஞ்சுக்குப் போதுமான அளவுகோல்.

இதை வைத்து அந்த 2016 தாளுக்குத் திரும்புவோம். "யாரையும் கலந்துக்காம முடிவெடுக்கிற ஆளு." ஆளைப் பற்றியதுதான். ஆனால் அந்தக் குணம் தெரிவது வேலையில். ஆகவே பேசலாம். பேசினோம். மாப்பிள்ளை ஒருநாள் செய்தித்தாளோடு வந்தார்: அறிவிப்பு வந்த அன்று சாயங்காலம் ரிசர்வ் வங்கியின் மத்திய வாரியம் கூடி ஒப்புதல் கொடுத்திருக்கிறது, கலந்துகொள்ளவில்லை என்பது பொய் என்றார். வாத்தியார் விடவில்லை. "அஞ்சரைக்குக் கூட்டம், எட்டுக்கு அறிவிப்பு. கல்யாண மண்டபத்துல பந்தி போட்டப்புறம் பொண்ணு பிடிச்சிருக்கான்னு கேக்கிற மாதிரி" என்றார். இரண்டு பேரும் நன்றாகவே வாதாடினார்கள். பொங்கலுக்கு வராமல் போன மாப்பிள்ளை, அன்று டீக்காசு தான் கொடுத்தார்.

உடல்நிலையும் இந்த அளவுகோலில் பிரியும். 1984இல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்தபடியே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். 2016இல் ஜெயலலிதா 75 நாள் மருத்துவமனையில் இருந்தார். என்ன நோய், எந்த மாத்திரை என்று கேட்பது வேறு. கோப்பில் கையெழுத்துப் போடுவது யார் என்று கேட்பது வேறு. இரண்டாவதைக் கேட்டவர்களையும் "மனிதாபிமானம் இல்லாதவர்கள்" என்று வாயடைத்தார்கள். அது சரியில்லை என்பது என் வாதம். தரகர் அண்ணாச்சி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பெண் தலைவர் என்றால் அளவுகோலை இரண்டு தடவை வையுங்கள். மாப்பிள்ளையின் சொந்த ஊர் ஒரு சின்ன கிராமம், பெயர் வேண்டாம். தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று ஆன பிறகு அங்கே ஒரு அம்மா ஊராட்சித் தலைவி. மாப்பிள்ளை ஊருக்குப் போய்விட்டு வந்து ஒரே மூச்சில் சொன்னது: "தெருவிளக்கு மூணு மாசமா எரியல, புருஷன்தான் பஞ்சாயத்து நடத்துறாரு, அந்தம்மா கழுத்துல கிடக்கிற நகையைப் பாக்கணுமே!" தாளில் எழுதினோம். தெருவிளக்கு, வேலை. புருஷன் நடத்துவது? கேட்கும்போது குடும்ப விஷயம் மாதிரி இருந்தாலும், ஓட்டு வாங்காத ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்து முடிவெடுக்கிறார் என்றால் அது பொது விஷயம்தான். நகைக்கு வந்தபோது நான் பெயரை மாற்றிப் படித்தேன். முந்தைய ஆண் தலைவரின் மோதிரங்களை அவர் எண்ணிப் பார்த்தாரா? "அவரு மோதிரம் பெருசுதான்" என்றார் மாப்பிள்ளை. பதவிக்கு வந்த பிறகு வாங்கிய நகை, காசு எங்கிருந்து வந்தது என்று ஆதாரத்தோடு கேட்டால் வேலைப் பத்திக்கு வரும். சும்மா கழுத்தைப் பார்ப்பது வராது.

"தனிப்பட்ட தாக்குதல்" என்று கத்தினால்

தயாராக ஒரு வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது இது: "எந்தச் சொல் ஆளைத் தொடுதுன்னு காட்டுங்க, எடுத்துடுறேன். மிச்சத்துக்குப் பதில் சொல்லுங்க."

நிஜமாகவே எடுத்துவிட வேண்டும். வறட்டு கௌரவம் பார்த்து அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றப் போய்த்தான் பாதி வாதங்கள் தோற்கின்றன. எடுத்த பிறகு தாளில் எதுவுமே மிஞ்சவில்லை என்றால் எதிராளி சொன்னது உண்மை. ஏதாவது மிஞ்சினால், அதற்குப் பதில் சொல்லும் வரை அடுத்த விஷயத்துக்குப் போகாதீர்கள்.

கேட்டவருக்கு உள்நோக்கம் இருக்கலாம் என்பது பதில் ஆகாது. 1972 அக்டோபரில் கட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்று எம்.ஜி.ஆர். மேடையில் கேட்டார். கட்சிக் கட்டுப்பாட்டை மீறினார் என்று தி.மு.க. அவரை நீக்கியது, அந்த மாதமே அ.தி.மு.க. பிறந்தது. அவருக்குத் தலைமை ஆசை இருந்ததா, அவரே பொருளாளராக இருந்துகொண்டு கணக்குக் கேட்கலாமா என்று நாள் முழுக்கப் பேசலாம், பேசியிருக்கிறோம். அதனால் கணக்கு என்ற கேள்வி கரைந்துபோகாது. கணக்கு எழுதுகிறவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் சூடு அதிகம், தெரியும்.

மரியாதையோடு எதிர்க்க ஒரு மாதிரி வேண்டுமென்றால் அதற்கு முந்தைய வருஷம் இருக்கிறது. 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தப் போகிறார்கள் என்றதும் 90 வயதைத் தாண்டிய ராஜாஜி, கோபாலபுரத்தில் முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டார். நடக்கவில்லை, கடை திறந்தது. மாதிரி ஜெயிக்கும் என்று நான் சொல்லவில்லை.

உங்கள் தாளையே தணிக்கை செய்யுங்கள்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். மாப்பிள்ளை படிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. மாப்பிள்ளை என் பேரேட்டில் இருந்த தாள்களை எடுத்து ஒரு மாதக் கணக்குப் போட்டிருக்கிறார். எனக்குப் பிடித்த தலைவர் ஒருவரைப் பற்றி மற்றவர்கள் சொன்ன குறை 17. அதில் 14ஐ "ஆள்" பத்தியில் தள்ளியிருக்கிறேன். எனக்குப் பிடிக்காதவரைப் பற்றிச் சொன்னது 21. அதில் 18 "வேலை". கையெழுத்து என்னுடையது, மறுக்க வழியில்லை. "அத்தான், கல்லாப்பெட்டி மட்டும்தான் உங்ககிட்ட நேர்மையா இருக்கு" என்றார்.

அதிலிருந்து பத்தியில் எழுதுகிற வேலை என்னிடம் இல்லை. வாக்கியத்தை நான் எழுதுவேன். எந்தப் பத்தி என்று அந்தத் தலைவரைப் பிடிக்காதவர் ஒருவரும் பிடித்தவர் ஒருவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். ஒத்துவராவிட்டால் காலியாக விடுவோம். நீங்கள் தனி ஆளாகச் செய்கிறீர்கள் என்றால், மாதம் ஒருமுறை தாளை வேறொருவரிடம் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். நீங்களே எண்ணினால் சரியாகத்தான் வரும்.

ஆறு மணிக்கு ஷட்டர் இறக்கிவிடுவோம். வாதம் எந்த இடத்தில் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். இருட்டின பிறகு பேசிய எதுவும் தாளில் ஏறுவதில்லை.

நேற்று ஏறிய கடைசி வாக்கியம் டீத் தம்பியுடையது. ஒரு தலைவரைப் பற்றி, "வயசாயிருச்சு, இனி ஒதுங்கிக்கிட்டா என்ன?" என்றான். ஆளா, வேலையா? வயசு அவர் தேர்ந்தெடுத்தது இல்லை என்றார் வாத்தியார். கூட்டத்தில் தூங்கினால் அது வேலையில் தெரிகிறதே என்றார் மாப்பிள்ளை. தரகர் அண்ணாச்சிக்குப் போன மாதம் 74 முடிந்தது. "யாரைடா சொல்றே?" என்று தம்பியைப் பார்த்து முறைத்தார். ஷட்டரை இழுத்துவிட்டேன். பத்தி காலியாகத்தான் இருக்கிறது.